குண்டாகப் பிறந்தால் நல்லதா?

"பையன் நாலரை கிலோ!" என்று ஊரிலிருந்து போன் வந்தால் தாராவியில் மிட்டாய் வழங்குவார்கள். ஆனால் அதிக எடை எப்போதும் ஆரோக்கியம் அல்ல.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் இன்சுலின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. ஈடுகட்டக் கூடுதல் இன்சுலின் சுரக்காவிட்டால் தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும்.

அந்தச் சர்க்கரை குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. குழந்தையின் கணையமே அதிக இன்சுலின் சுரக்க, கொழுப்பு சேர்ந்து எடை கூடும். பிரசவம் சிக்கலாகலாம். பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். பலருக்குச் சாப்பாட்டை முறைப்படுத்தினாலே கட்டுப்படும்.

கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டு வந்தவர், அடுத்த முறை பேசும்போது "சர்க்கரை பார்த்தியா?" என்று கேட்கட்டும்.