மீன் தொட்டியில் பாசியா? மொத்தத் தண்ணீரையும் கொட்டாதீங்க!

ஆசையாக வாங்கிய மீன் தொட்டியின் கண்ணாடி பச்சை பிடித்ததும், மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல், ஃபில்டர் என எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுகிறார்கள் பலர். சில நாள்களில் மீன்கள் செத்து மிதக்க இதுவே காரணமாகிவிடலாம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் வாழ்வது அந்த ஃபில்டரிலும் கற்களிலும்தான்.

பாசியை வளர்ப்பவை அதிக வெளிச்சமும் மிச்ச உணவும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழாமல் திரை போடுங்கள். லைட் தினமும் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். 2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே உணவு போடுங்கள்.

கண்ணாடியை சோப்பு படாத ஸ்பாஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் நீக்கும் மருந்து கலந்தே ஊற்றுங்கள். ஃபில்டரை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

பாசி மெதுவாகத்தான் குறையும். மீன்கள் பிழைத்திருக்கும்!