ஒன்பது மாதம் பதில் வராத முறையீடு
தொடர்: விசாரணை இல்லாத சிறை – 9

சென்ற வாரம் ஏ.கே.கோபாலன் வழக்கோடு நிறுத்தியிருந்தேன். அன்றைய சென்னை மாகாணச் சிறையில் இருந்துகொண்டு, புதிதாகப் பிறந்திருந்த உச்ச நீதிமன்றத்தின் கதவை 1950-ல் தட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் அவர். தடுப்புக் காவல் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, மீதியை நீதிபதிகள் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த மீதியிலிருந்து கிளைத்த சட்டங்களில் ஒன்றுதான் காஃபிபோசா. ‘அந்நியச் செலாவணி பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம், 1974’ என்பது முழுப் பெயர்.

கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் மீது, அந்நியச் செலாவணியைச் சட்டவிரோதமாகக் கைமாற்றியதாகப் புகார். 2023 ஆகஸ்ட் 31 அன்று டெல்லியில் இணைச் செயலாளர் ஒருவர் அவரைக் காவலில் வைக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார். வழக்கு விசாரணை நடக்கவில்லை, தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. ‘இனிமேலும் செய்யாமல் தடுப்பதற்காக’ என்ற ஒரே காரணத்துக்கு ஓராண்டுச் சிறை. அடுத்த மாதமே அவர் சிறைக்குள்ளிருந்து முறையீடு எழுதினார். சிறை அதிகாரிகள் அதைச் சாதாரணத் தபாலில் அனுப்பினார்கள். அது டெல்லிக்குப் போய்ச் சேரவே இல்லை. சேர்ந்ததா என்று கேட்டவரும் இல்லை.

அவருடைய மனைவி கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2024 மார்ச்சில் அது தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் போனார். அங்கே கேள்வி எழுந்த பிறகுதான் முறையீட்டைத் தேடி எடுத்தார்கள். 2024 ஜூனில், ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்து, நிராகரித்துப் பதில் அனுப்பினார்கள். காவலே பன்னிரண்டு மாதம்தான்.

இந்த வழக்கு எதைப் பற்றியது என்று புரிய, சட்டம் பிறந்த காலத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் டாலர் என்பது இந்திய அரசுக்கு உயிர்நாடி. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் கையிருப்பு இன்னும் நெருக்கியது. அதே ஆண்டு ஃபெரா சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் வெளிநாட்டுப் பணத்தை வைத்திருப்பதே குற்றம், அதற்குச் சிறை என்றது அது. ஆனால், மேற்குக் கடற்கரையில் தங்கமும் கைக்கடிகாரமும் இறங்கிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கான விலை ஹவாலா வழியாக, நம் ஊர்ப் பேச்சில் உண்டியல் வழியாக, வெளியே போய்க்கொண்டே இருந்தது. சாட்சி சொல்ல யாரும் முன்வராத வழக்குகளில் பெரிய கைகள் தப்பிக்கின்றன என்று அரசு சொன்னது. 1974 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று இருந்த தடுப்புக் காவல் சட்டமான மிசாவைக் கடத்தல்காரர்கள் மீதும் பாயவிட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் வளர்ந்த ஹாஜி மஸ்தான் உள்ளே போனது அப்போதுதான். அந்த நவம்பரிலேயே, இப்படிப் பிடிபட்டவர்கள் அடிப்படை உரிமை கேட்டு நீதிமன்றம் போக முடியாதபடி குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தது. டிசம்பரில் காஃபிபோசா. நெருக்கடி நிலை என்றால் எல்லோருக்கும் 1975 ஜூன்தான் நினைவுக்கு வரும். கடத்தல் புகாருக்கு ஆளானவர்களுக்கு அது ஏழு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. அன்று அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் மிகச் சிலர். கடத்தல்காரனுக்கு என்ன உரிமை என்றுதான் நாடு கேட்டது. கதவை முதலில் திறந்துவிட்டது அந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

பிறகு காலம் மாறியது. 1991-ல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள். ஃபெரா போய், 1999-ல் ஃபெமா வந்தது. 2000 ஜூன் 1 முதல் அந்நியச் செலாவணி மீறல் என்பது பொதுவாகக் கிரிமினல் குற்றமே அல்ல. தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம், அவ்வளவுதான். அப்படியானால், நிரூபித்தாலே அபராதம் மட்டும் உள்ள காரியத்துக்கு, நிரூபிக்காமல் சிறை எப்படி? இதே கேள்வி 2002-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. இரண்டு சட்டங்களின் நோக்கமும் வேறு, தடுப்புக் காவல் தண்டனையல்ல, ஆகவே செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. விமான நிலையத்தில் பெட்டியின் கள்ள அறையில் டாலர் கட்டுகளோடு பிடிபடுகிற ‘குருவி’யின் கதை வேறு. சுங்கச் சட்டத்தில் சரக்கு என்ற சொல்லுக்குள் கரன்சியும் அடங்கும், அங்கே ஏழாண்டு வரை சிறைக்கு வழி உண்டு. ஆனால், அதற்கு வழக்கு நடத்த வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். காஃபிபோசாவில் அது எதுவும் வேண்டாம்.

சட்டமே செல்லாது என்று சொல்லும் வழியும் 1994-ல் அடைபட்டது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து காஃபிபோசா செல்லும் என்றார்கள். ஆக, இன்று காவலில் இருப்பவருக்கு மிஞ்சியிருப்பது அரசியல் சட்டத்தின் 22(5) தரும் இரண்டே உரிமைகள்: எதற்காகப் பிடித்தீர்கள் என்று சொல்ல வேண்டும், அதற்கு மறுப்புச் சொல்ல, முடிந்தவரை சீக்கிரம் வாய்ப்புத் தர வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் ‘இவர் கடத்தினாரா’ என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டும் நடந்ததா என்றுதான் பார்க்கும்.

அந்த உரிமை கண்ணுக்குத் தெரியும் வடிவம் ஒரு காகிதக் கட்டு. மேலே காவல் ஆணை. அடியில் பத்தி பத்தியாக எண்ணிட்ட காரணங்கள். அதற்குப் பிறகு ஆதார ஆவணங்களின் பட்டியல்: மகஜர், சுங்கச் சட்டம் 108-ஆம் பிரிவில் வாங்கிய வாக்குமூலங்கள், பாஸ்போர்ட் நகல், செல்பேசியில் எடுத்த உரையாடல்களின் அச்சு, ஜாமீன் மனு, அதன் மீதான உத்தரவு. சில கட்டுகள் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவார்கள். கடைசிப் பத்தியில், யார் யாருக்கு முறையிடலாம் என்று எழுதியிருக்க வேண்டும். ஆணை போட்ட அதிகாரிக்கே முறையிடும் உரிமை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும் என்று 1995-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இந்தக் கட்டு சாதாரணமாக ஐந்து நாளுக்குள், தவிர்க்க முடியாத காரணம் எழுதி வைத்திருந்தால் பதினைந்து நாளுக்குள், காவலில் உள்ளவர் கைக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம்.

வழக்கறிஞர்கள் இந்தக் கட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். மங்கலான நகல் ஒன்று, விட்டுப்போன பக்கம் ஒன்று, மொழிபெயர்ப்பில் மாறிப்போன தேதி ஒன்று. வாக்குமூலத்தை அடித்து வாங்கினார்கள் என்று மறுநாளே எழுதிய கடிதம் ஆணை போட்டவரின் மேசைக்குப் போனதா என்று தேடுவார்கள். 1970-களின் இறுதியிலேயே அப்படி ஒரு காவல் ரத்தாகியிருக்கிறது. 1980-ல் ஒரு தாய் தன் மகனுக்காகப் போட்ட மனுவில் நீதிபதி பகவதி, காரணங்களில் சுட்டப்பட்ட ஆவணங்களும் ஒலிநாடாக்களும் காரணங்களின் பகுதியே, கேட்ட பிறகு தருவதல்ல, கூடவே தர வேண்டியவை என்றார். காவல் சரி என்று காட்டும் பொறுப்பு முழுக்க அரசுடையது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அடுத்து வந்த இன்னொரு வழக்கில், காவலில் இருந்தவருக்குக் குஜராத்தி மட்டுமே தெரியும், காரணங்கள் ஆங்கிலத்தில். போலீஸ் அதிகாரி வாயால் விளக்கிவிட்டார் என்றது அரசு. போதாது, எழுத்தில் அவர் மொழியில் கொடு என்றது நீதிமன்றம். நம் ஊரில் காவல் ஆணையோடு தமிழ் மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கட்டப்படுவதற்கு இத்தகைய தீர்ப்புகளே காரணம்.

இப்படிக் காவல் ரத்தாகும்போதெல்லாம் ‘சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிவிட்டான்’ என்று செய்தியில் எழுதுகிறார்கள். எனக்கு அது கோபமூட்டும் வாக்கியம். சாட்சியை எதிர்கொள்ளும் உரிமையைப் பறித்தாயிற்று. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. ஜாமீன் என்ற பேச்சே இல்லை. இத்தனையும் எடுத்துக்கொண்ட அரசிடம் ‘காகிதத்தையாவது ஒழுங்காகக் கொடு, பதிலையாவது காலத்தோடு சொல்’ என்று கேட்பது ஓட்டை தேடுவதாகுமா? பெரிய கடத்தல்காரனாகவே இருக்கட்டும். அவனைத் தண்டிக்க வழக்கு நடத்தும் வழி திறந்தே இருக்கிறது; காவல் ரத்தானதால் அந்த வழக்கு ரத்தாவதில்லை.

கேரள வழக்குக்குத் திரும்புவோம். 2024 செப்டம்பர் 12 தேதியிட்ட தீர்ப்பு, நீதிபதிகள் பி.ஆர்.கவாய், பிரசாந்த் குமார் மிஸ்ரா, கே.வி.விஸ்வநாதன் ஆகியோருடையது. இரண்டு காரணங்களில் காவல் ரத்தானது. ஒன்று, ஒரு பெண்ணின் வாக்குமூலத்தைக் காரணங்களில் பயன்படுத்திவிட்டு, அதன் நகலைக் காவலில் உள்ளவருக்குத் தரவில்லை. போகிறபோக்கில் குறிப்பிட்டோம், அதை நம்பி ஆணை போடவில்லை என்ற அரசின் வாதம் எடுபடவில்லை. மற்றொன்று, அந்த ஒன்பது மாதத் தாமதம். மின்னஞ்சலில் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய முறையீட்டைச் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு மறந்த சிறை அதிகாரிகளின் மெத்தனத்தை நீதிபதிகள் கடுமையாகவே கண்டித்தார்கள். முறையீடுகளை உடனுக்குடன் அனுப்பி வைப்பது அவர்களின் கடமை என்றும் பதிவு செய்தார்கள்.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால், அந்த மனைவி உயர் நீதிமன்றத்தில் தோற்று, டெல்லிக்குப் போய், அங்கே ஜெயித்துவருவதற்குள் ஓராண்டுக் காவலின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. தடுப்புக் காவல் வழக்குகளில் வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதற்கு நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் தனி வழி எதுவும் இல்லை. டெல்லி வரை போக வசதியில்லாத குருவிகள் ஓராண்டையும் உள்ளேயே முடித்துவிட்டு வெளியே வருகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் வரை போகாமலே இது தீர ஒரு வழி இருக்கிறது: அறிவுரைக் கழகம். காவலில் வைத்த ஐந்து வாரத்துக்குள் அதன் பார்வைக்கு விஷயம் போக வேண்டும், பதினொரு வாரத்துக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். போதிய காரணமில்லை என்று அது சொன்னால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். அந்தக் கழகத்தின் அமைப்பை மாற்றி, அது இல்லாமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைத்து, 1978-ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்தியது. அந்த 44-ஆவது திருத்தத்தின் இந்தப் பிரிவை மட்டும் எந்த மத்திய அரசும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. மொரார்ஜி தேசாய் முதல் நரேந்திர மோடி வரை, ஏன் ஒருவரும் அந்த அறிவிப்பில் கையெழுத்திடவில்லை? அடுத்த இதழில் அங்கிருந்து தொடங்குவோம்.