எந்திரத்தின் உதவியும் உபாத்தியாயரின் பொறுப்பும்

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த தமிழர்கள் வந்த இடத்திலும் வித்தையை மறந்தவர்களல்லர் என்பதற்கு, மாதுங்காவில் 1932-ஆம் ஆண்டு தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கம் நடத்திவரும் எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். பள்ளியும் கல்லூரியும், மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுமே சாட்சி. அவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் கைகளுக்கும் இன்று சாட்ஜிபிடி, ஜெமினி முதலிய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்து சேர்ந்துவிட்டன.

இவை எண்ணிறந்த பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லைத் தொடர்ந்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் அமைப்பவை; ஆதலால் மெய்யையும் பொய்யையும் ஒரே கம்பீரத்துடன் உரைக்கும். 2023-இல் நியூயார்க் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்து தந்த, எங்கும் நிகழாத வழக்குகளை மேற்கோளாகக் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர். பயிற்சிக்குக் கிடைத்தவற்றுள் ஆங்கிலமே மிகுதியாதலால், தமிழில் கேட்கும் பிள்ளைக்குத் தவறான விடை கிடைக்கும் அபாயம் இன்னும் அதிகம். பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல்நாளே ஊட்டுவது அவசியம்.

எனினும், இச்செயலிகளை வகுப்பறையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்போரின் அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் ஒருவருமின்றி, டியூஷனுக்குக் கொடுக்கப் பணமுமின்றி, தாராவியின் ஒற்றை அறை வீட்டில் படிக்கும் ஒரு பெண்குழந்தை, விளங்காத கணக்கைப் பத்துமுறை கேட்டாலும் சலிக்காமல் விளக்கும் துணை ஒன்று கிடைத்திருக்கையில், அதை அவளிடமிருந்து பறிப்பது தர்மமாகாது.

என் மனத்தை வருத்துவது வேறொரு விஷயம். மாணவர் எழுதியதா, எந்திரம் எழுதியதா என்று கண்டறிவதாகச் சொல்லும் சோதனைக் கருவிகளை நம்பிப் பல கல்விக்கூடங்கள் தண்டனை விதிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் இத்தகைய ஏழு கருவிகளைப் பரீட்சித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வுக்காகத் தம் கையாலேயே எழுதிய கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை எந்திரத்தின் எழுத்து என்று அவை கூறின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அவை ஏறத்தாழப் பிழைக்கவேயில்லை. அறிந்த சொற்கள் சிலவற்றைக் கொண்டு எளிய நடையில் எழுதுவதையே அவை குற்றத்தின் அடையாளமாகக் கொள்கின்றன என்பதே இதன் காரணம். சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே, தன் சோதனைக் கருவி போதிய துல்லியம் உடையதன்று என்று 2023 ஜூலையில் அதை விலக்கிக்கொண்டது. அங்ஙனமிருக்க, வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, பள்ளியில் மட்டும் ஆங்கிலம் எழுதும் நம் பிள்ளைமீது அத்தகைய கருவி காட்டும் சதவீதக் கணக்கைக் கொண்டு திருட்டுப்பட்டம் சூட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்க்க வழி இல்லாமலில்லை. முதற்பிரதியையும் திருத்தப்பிரதியையும் கேட்டு வாங்குவது, ஐந்து நிமிடம் எதிரே அமர்த்தி, எழுதியதை வாய்மொழியாக விளக்கச் சொல்வது, எந்திரத்திடம் எதற்காக உதவி பெற்றோம் என்பதைக் கட்டுரையின் அடியில் கூச்சமின்றி எழுதும்படி முன்கூட்டியே அனுமதிப்பது ஆகிய இவை யாவும், அறுபது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் சிரமந்தரும் காரியங்களே எனினும், உபாத்தியாயர் தம் கையால் செய்யவேண்டியவை. கருவியிடம் ஒப்படைக்கத் தக்கவையல்ல.

இன்னொன்று பெற்றோரைச் சார்ந்தது. வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தும் குறைந்தபட்ச வயதாக யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டி 13-ஐக் கூறுகிறது. அதே ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தை விதிக்கிறது. ஆனால் பிள்ளை திறப்பது தகப்பனாரின் கைபேசியை. செயலியின் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கும். பெயர், பள்ளி, ஆதார் எண், மதிப்பெண் பட்டியல், வீட்டுச் சங்கடங்கள் ஆகியவற்றை அதில் எழுதலாகாது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தெளிந்த தமிழில் யாரேனும் எடுத்துரைத்தாலன்றி, அந்தச் சட்டம் வடாலாவின் சால் குடியிருப்புகளையும் தாராவியின் சந்துகளையும் எட்டப்போவதில்லை.