டவருக்குப் பேர் வைத்த பிறகு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு டேப்லெட்டில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. எட்டிப் பார்த்தேன். ஒரு பாதை, அதில் வரிசையாக வரும் எதிரிகள், பாதை ஓரத்தில் நிற்கும் காவல்காரர். இந்த வகை கேம் எனக்கும் பழக்கம்தான். வேலைக்குப் போகிற ரயிலில் நானும் விளையாடியிருக்கிறேன். அந்தத் துணிவில் புத்தி சொன்னேன்.

“அந்த டவரை முன்னுக்கு வையன் பிள்ளை. எதிரி கிட்ட வர முதலே அடிக்கும்.”

“அப்பா, அது டவர் இல்லை. அவவுக்குப் பேர் இருக்கு. முன்னுக்கு வைச்சா அவ விழுந்திடுவா.”

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை. பிள்ளைகள் கேம் விளையாடுவதைப் பற்றி நாங்கள் கதைப்பதெல்லாம் “எத்தனை மணித்தியாலம்?” என்ற ஒரே கேள்விதான். அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது, யாரோடு பழகுகிறார்கள் என்று கேட்பது குறைவு.

முதலில் இந்த இரண்டு வகை கேம்களையும் சொல்லிவிடுகிறேன்.

டவர் டிஃபென்ஸ் என்பது கோட்டை காக்கிற விளையாட்டு. எதிரி அலை அலையாக வருவான். கையில் இருக்கிற காசுக்கு ஏற்ப எங்கே எந்தக் கோபுரத்தை வைப்பது என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டும். வைத்த பிறகு கோபுரம் தானாகச் சுடும். 1990இல் அட்டாரி வெளியிட்ட ராம்பார்ட் இதன் முன்னோடிகளில் ஒன்று. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமில், விளையாடுகிறவர்கள் தாங்களே புதிய களங்களை அமைக்கிற வசதி இருந்தது. அதை வைத்து ரசிகர்கள் உருவாக்கிய களங்களில்தான் இந்த வகை ஊன்றி வளர்ந்தது. 2007இல் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ், 2009இல் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ். பிறகு அலுவலகத்தில் களவாக விளையாடாத ஆள் இல்லை என்கிற அளவுக்குப் பரவியது.

விஷுவல் நாவல் அதற்கு நேர் எதிர். அங்கே ஓட்டமும் இல்லை, சூடும் இல்லை. படத்தோடு கூடிய கதையை வாசிக்க வேண்டும். இடையிடையே “இதற்கு என்ன பதில் சொல்வாய்?” என்று கேட்கும். நீங்கள் சொல்கிற பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். யாரோடு நெருக்கம், யாரோடு பிரிவு என்பது அதில் தீர்மானமாகும். ஜப்பானில் வளர்ந்த வடிவம் இது. காதல் கதைகள்தான் இதில் அதிகம்.

ஒன்று கணக்கு, மற்றது மனசு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் என்ன வரும்?

இந்தச் சேர்க்கை நேற்று வந்தது இல்லை. 1996இல் செகா சாட்டர்ன் கருவிக்கு வந்த சகுரா வார்ஸ் இதன் மூத்த உறவு. டவர் டிஃபென்ஸ் அல்ல, முறை வைத்து ஆடுகிற போர் விளையாட்டுத்தான். ஆனாலும் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. கற்பனையான 1920களின் டோக்கியோ. பகலில் மேடை நாடகம் போடுகிற பெண்கள், பேய்ப்படை வந்தால் நீராவி இயந்திரங்களில் ஏறி நகரத்தைக் காக்கிறார்கள். விளையாடுகிறவர் அவர்களுடைய இளம் கப்டன். அவர்களோடு கதைக்கும்போது பதில் சொல்லக் கொஞ்ச நேரம்தான் தரும். நேரம் முடிந்தால் பேசாமல் நின்றதும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும். சண்டைக்குப் போகும்போது பார்த்தால், யாரோடு நீங்கள் அன்பாக நடந்துகொண்டீர்களோ அவருடைய பலம் கூடியிருக்கும்.

கவனியுங்கள், அங்கே அன்பு கதைக்கு ஒட்டிய அலங்காரம் இல்லை. கணக்கின் உள்ளேயே அன்பு ஒரு இலக்கமாக நிற்கிறது.

நின்டெண்டோவின் ஃபயர் எம்ப்ளம் தொடரில் இன்னொரு பக்கம் தெரியும். 1990இல் தொடங்கிய அந்தத் தொடரில் களத்தில் விழுந்த வீரர் பொதுவாகத் திரும்பி வரமாட்டார். 2012இல் வந்த அவேக்கனிங்கில் உங்கள் வீரர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று போராடினால் நெருக்கம் வளரும், கலியாணம் கூட நடக்கும். இப்போது யோசியுங்கள். நீங்களே சேர்த்து வைத்த சோடியில் ஒருவரை முன்வரிசைக்கு அனுப்ப வேண்டும். வெறும் குதிரைக் காயை நகர்த்துகிற மாதிரி நகர்த்த முடியுமா? மகள் சொன்ன “அவ விழுந்திடுவா” இதுதான்.

டவர் டிஃபென்ஸுக்குள் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது ஆர்க்நைட்ஸ். ஷாங்ஹாய் நிறுவனம் ஒன்று உருவாக்கி 2019இல் சீனாவிலும் 2020 ஜனவரியில் உலகம் முழுவதும் வெளியிட்டது. அங்கே கோபுரம் என்று ஒன்றும் கிடையாது. கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஆட்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பேர், ஊர், குரல், பழைய காயம். சண்டைக்கு முன்னும் பின்னும் பக்கம் பக்கமாக வாசிக்கக் கதை, விஷுவல் நாவல் பாணியில். ஒருவரைத் தொடர்ந்து களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் உங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை கூடும். நம்பிக்கை கூடக்கூடப் பலமும் கூடும், அவரைப் பற்றிய குறிப்புகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். காதல் கதை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பாசம் வளர்க்கிற வேலையை அது நன்றாகவே செய்கிறது.

பழைய டவர் டிஃபென்ஸில் கோபுரம் நட்டமானால் விற்றுவிட்டு வேறு வைப்போம். பேர் வைத்த பிறகு அது முடியாது. அதுதான் இந்தச் சேர்க்கையின் ருசி. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாவல் வாசிக்கிற பிள்ளை கதாபாத்திரத்துக்காக அழுதால் பெருமைப்படுகிற நாங்கள், கேமில் அழுதால் மட்டும் ஏன் பைத்தியம் என்கிறோம்?

இப்படிப்பட்ட கலவைகள் பெரும்பாலும் கிளை விளையாட்டுகளாகத்தான் வரும். அதற்கும் காரணம் இருக்கிறது. முதன்மைத் தொடரில் கை வைத்தால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். கிளையில் அந்தப் பயம் இல்லை. பாத்திரங்களை ஏற்கனவே எல்லோருக்கும் தெரியும், அறிமுகம் தேவையில்லை. கலியாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி, வந்தவுடனே கதைக்கத் தொடங்கலாம். சகுரா வார்ஸ் பெண்களை வைத்து 1997இல் ரத்தினக்கல் அடுக்குகிற விளையாட்டு வந்தது. மொன்றியலில் உருவான டெட் பை டேலைட் என்ற திகில் கேமின் கொலைகாரர்களையே காதலிக்கிற ஹூக்ட் ஆன் யூ 2022இல் வந்தது. பகிடிதான். ஆனால் அந்தப் பகிடிக்குள் ஒரு உண்மை இருக்கிறது. ஆட்கள் விளையாட்டின் விதியை விட, அதில் வருகிற முகங்களைத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாபகத்துக்கு ஒரு விலை உண்டு என்பது கம்பனிகளுக்கும் தெரியும். எனக்கு மனசு கனக்கிற இடம் இதுதான்.

2004இல் ஜப்பானில் வந்த ஃபேட்/ஸ்டே நைட் ஒரு விஷுவல் நாவல். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் முழுக் கதையும் உங்களுடையது. 2015இல் அதன் கிளையாகக் கைபேசிக்கு ஃபேட்/கிராண்ட் ஆர்டர் வந்தது. இறக்குவது இலவசம். ஆனால் உங்களுக்குப் பிடித்த பாத்திரம் வேண்டுமென்றால் அதிர்ஷ்டச் சீட்டு இழுக்க வேண்டும். இதற்கு ‘காச்சா’ என்று பேர். காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை விழுகிற ஜப்பானிய இயந்திரத்தின் பேரில் வந்தது. ஃபயர் எம்ப்ளமுக்கும் 2017இல் இதே மாதிரி ஒரு கைபேசிக் கிளை முளைத்தது. ஆர்க்நைட்ஸும் இதே வழிதான்.

கணக்கைப் பார்ப்போம். ஆர்க்நைட்ஸில் உயர்ந்த தரமான ஆறு நட்சத்திரப் பாத்திரம் ஒரு இழுப்பில் கிடைக்க 2 சதவீத வாய்ப்பு. ஐம்பது தடவை இழுத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று மனசு சொல்லும். 0.98ஐ ஐம்பது தடவை பெருக்கிப் பாருங்கள். நூறு பேரில் ஏறக்குறைய 36 பேர் ஐம்பது இழுப்புக்குப் பிறகும் வெறுங்கையோடு நிற்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் வாய்ப்பை 2 சதவீதமாகக் கூட்டுகிறார்கள். அது ஒரு இரக்கம்தான். ஆனால் ஆறு நட்சத்திரம் கிடைத்தாலும் அது நீங்கள் ஆசைப்பட்ட ஆள்தான் என்று இல்லை.

எங்கள் வீட்டிலும் நடந்தது. இது வேறொரு கேம், பேர் வேண்டாம். அம்மம்மா பிறந்தநாளுக்குக் கொடுத்த ஐம்பது பவுணை மகள் ஒரே பின்னேரத்தில் இழுத்து முடித்திருக்கிறாள். காசு அவளுடையதுதான், களவு ஒன்றும் இல்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் சொன்னாள். “அவவின்ட கதையில மூண்டாவது பாகம் வாசிக்கோணும் எண்டால் அவ வேணும் அப்பா. நான் அவவுக்காகத்தான் இவ்வளவு நாளும் விளையாடினனான்.” ஆளும் வரவில்லை, கதையும் திறக்கவில்லை. நான் ஏசவில்லை. ஏசுவதற்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. அவள் சூதாட ஆசைப்படவில்லை. ஒருத்தியின் கதையை முடிவு வரை வாசிக்க ஆசைப்பட்டாள். அந்த ஆசையில்தான் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள்.

நாங்கள் வாழ்கிற நாடுகள் இதைப் பார்க்கிற விதமும் ஒன்றல்ல. பெல்ஜியம் 2018இலேயே காசு கொடுத்துத் திறக்கிற இந்த அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே நின்டெண்டோ தன்னுடைய ஃபயர் எம்ப்ளம் கைபேசி கேமை அந்த நாட்டில் நிறுத்தியது. அவுஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல், இப்படிப்பட்ட பெட்டி உள்ள புதிய கேம்களுக்குக் குறைந்தது ‘எம்’ தரம். அதாவது 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற குறிப்பு. பிரித்தானிய அரசு 2022இல் சூதாட்டச் சட்டத்தை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்து, பொறுப்பைக் கேம் துறையிடமே விட்டுவிட்டது. காச்சாவின் தாய்நாடான ஜப்பானே, சீட்டில் வருகிற பொருள்களை முழுச் சோடியாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை 2012இல் நிறுத்த வைத்தது. சீனா 2017 முதல் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லக் கட்டளையிட்டிருக்கிறது. ஆக, லண்டனில் இருக்கிற என் மகளுக்கும் ஆன்ட்வெர்ப்பில் இருக்கிற ஒரு பிள்ளைக்கும் ஒரே கேம் இரண்டு வேறு பொருள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. கைபேசியையும் டேப்லெட்டையும் பறித்து வைப்பதும் மருந்தில்லை. பறித்தால் பிள்ளை எங்களிடம் சொல்வதை நிறுத்துமே தவிர, விளையாடுவதை நிறுத்தாது.

செய்யக்கூடியது சின்னச் சின்ன விசயங்கள்தான். கடவுச்சொல் இல்லாமல் காசு போகாதபடி பூட்டி வைக்கலாம். சதவீதத்தைப் பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அந்த 36 என்ற இலக்கம் செய்த வேலையை என்னுடைய எந்தப் பேச்சும் செய்யவில்லை. கதைதான் பிடித்திருக்கிறது என்றால், ஒரு தடவை காசு கொடுத்தால் முழுக்கத் திறக்கிற கேமை வாங்கிக் கொடுக்கலாம்.

அதற்கு எங்களுடையதே ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவில் உருவாகி 2023 ஜூலையில் வெளிவந்த ‘வெண்பா’. 1980களின் கடைசியில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்து இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் தாய்க்கும் மகனுக்கும் நடுவே மொழி விலகிக்கொண்டு போவதை வாசிக்கிறோம். அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. அதில் காக்கக் கோட்டையும் இல்லை, இழுக்கச் சீட்டும் இல்லை. கதையும் விளையாட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு உங்கள் பணப்பையை அது மறுபடி தேடி வராது.

மகளும் நானும் அதைச் சேர்ந்து விளையாடினோம். புட்டுக் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் எந்த ஒழுங்கில் போடுவது என்பதில் எனக்குத்தான் முதலில் பிழைத்தது. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அம்மம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

பழைய கேமை அவள் விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. போன ஞாயிறும் அதே சோபா, அதே பாதை, அதே எதிரிகள். இந்த முறை நான் புத்தி சொல்லப் போகவில்லை. பக்கத்தில் இருந்து, “இவ ஆர்?” என்று மட்டும் கேட்டேன்.

“இவவா? இவவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா அப்பா. ரெண்டு பேரும் வேற வேற நாட்டில...” என்று தொடங்கினாள். பாதி தமிழ், பாதி இங்கிலிஷ். தேத்தண்ணி ஆறிப் போகும்வரை கதைத்தாள். எத்தனை மணித்தியாலம் விளையாடினாள் என்று கேட்க அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.