உஷார்! பழைய ஹோம் தியேட்டரில் பெயர் தெரியாத பாக்ஸைச் செருகாதீர்கள்

பழைய 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ஸ்பீக்கர்கள் இன்னும் கணீரென்றுதான் ஒலிக்கும். வைஃபை மட்டும் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க, ஊர் பேர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். 'எல்லா சேனலும் இலவசம்' என்று விற்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 ஜனவரியில் டி95 என்ற பாக்ஸுக்குள் மால்வேர் இருப்பதை கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் வெளிப்படுத்தினார். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் சைபர் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, 'பேட்பாக்ஸ்' என்ற மால்வேர் தொற்றிய சுமார் 30,000 கருவிகள் குற்றவாளிகளின் சர்வரோடு பேசுவதைத் தடுத்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதுபோன்ற கருவிகள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதமே இதன் பின்னணியில் இருப்பவர்கள் மீது கூகுள் வழக்குப் போட்டது. அதில் சொல்லப்பட்ட கணக்கு, மால்வேர் தொற்றிய 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள்.

பல பாக்ஸ்களில் மால்வேர் விற்பனைக்கு வரும் முன்பே ஃபர்ம்வேருக்குள் ஏறிவிடுகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எங்கோ இருப்பவன் உங்கள் ஐபி முகவரியிலிருந்து மோசடி செய்துகொண்டிருப்பான். விசாரணை வந்தால் முதலில் தெரிவது உங்கள் இணைப்புதான். படம் தடையில்லாமல் ஓடுவதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது என்பதுதான் இதில் மிகவும் மோசம்.

கூகுளின் பாதுகாப்பு வசதியான 'ப்ளே ப்ரொடெக்டை' அணைத்துவிடுங்கள் என்று பாக்ஸ் கேட்கிறதா? அப்போதே கழற்றுங்கள்.

செலவைக் குறைக்க நல்ல வழிகள் உண்டு. பாட்டு மட்டும் போதுமென்றால், ஆர்சிஏ அவுட் உள்ள சாதாரண புளூடூத் ரிசீவரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் செருகுங்கள். ஸ்டீரியோதான் வரும்; ஆனால் அது இணையத்தோடு இணைவதே இல்லை. படத்துக்கு, தெரிந்த நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியில் போட்டு, டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கேபிள் இழுங்கள். டிவி அனுமதித்தால் டால்பி டிஜிட்டல் 5.1 அந்த ஒற்றைக் கேபிளிலேயே வந்துவிடும். ஸ்மார்ட் டிவி என்றால் ஸ்டிக்கே வேண்டாம், கேபிள் செலவோடு முடிந்தது.

ஏற்கெனவே அப்படியொரு பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே பிடுங்குங்கள். வைஃபை பாஸ்வேர்டையும், அந்தப் பாக்ஸில் லாகின் செய்த கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பாக்ஸை உறவுக்காரர் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம்.