ரைபிளும் தோட்டாவும் பொருந்தும்போது

50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், குண்டு நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகி விழலாம். இறுதிச் சுற்றில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே புள்ளிகள் தசமத்தில் கணக்கிடப்படுகின்றன, உச்சம் 10.9, அதன்பின் ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தது இந்த 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில்தான். முழங்காலிட்டும் படுத்தும் நின்றும் சுட்ட அவருடைய இறுதிச் சுற்றுப் புள்ளி 451.4.

இவ்வளவு நுட்பம் எந்த ரைபிளிலும் பெட்டியைப் பிரித்தவுடன் வந்துவிடாது. சுடுபவரின் உடம்பு, ரைபிள், தோட்டா மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பொருந்திவிட்டதா என்பதைச் சுடுதளத்தில் சோதித்துப் பார்த்துத்தான் அறிய முடியும். இந்தப் போட்டியில் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் வைத்து, போல்ட்டை மூடியே சுட வேண்டும்.

பொருத்தும் வேலை உடம்பிலிருந்து தொடங்குகிறது. தோளில் பதியும் பட் பிளேட்டின் நீளமும் உயரமும், கன்னம் சாயும் கட்டையின் உயரமும், இடக்கையைத் தாங்கும் தடுப்பின் இடமும் ஒருவருக்கு அமைவது போல் இன்னொருவருக்கு அமையாது. படுத்துச் சுடும்போது சரியாக இருந்த அளவு நின்று சுடும்போது தவறாகிவிடும். அதனால் மூன்று நிலைகளுக்கும் மூன்று அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அமைப்பு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. குறி பார்த்தபடியே கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்க வேண்டும். குறி அதே இடத்தில் நின்றால் எலும்பும் ஸ்லிங் பட்டையும் ரைபிளைத் தாங்குகின்றன. நகர்ந்திருந்தால் இதுவரை தசைதான் இழுத்துப் பிடித்திருந்தது. அப்போது கைகளால் ரைபிளைத் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. முழு உடம்பையும் சற்றே திருப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குறி பார்க்க உதவும் சைட். இந்தப் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமில்லை. பின்னால் ஊசித்துளை போன்ற துவாரம், முன்னால் ஒரு வளையம். வளையத்தின் நடுவே இலக்கின் கரும்பகுதி, சுற்றிலும் சீரான வெள்ளை இடைவெளியோடு தெரிய வேண்டும். வெள்ளை விளிம்பு குறுகலாக இருந்தால் துல்லியம் கூடும் என்று நினைத்துத் தொடக்கநிலையாளர்கள் சிறிய வளையத்தை விரும்புகிறார்கள். கண் அதில் விரைவில் களைத்துப்போகிறது. சற்றே பெரிய வளையம் பெரும்பாலோருக்கு நல்லது. சைட்டின் திருகைத் திருப்பும் முன் பல குண்டுகள் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் மையத்தைப் பார்க்க வேண்டும். ஒரே குண்டைப் பார்த்துத் திருகைத் தொட்டால், தற்செயலான பிழையைத் துரத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

இதுவரை சொன்னவை பொறுமை இருந்தால் கைவரும். கடினமானது தோட்டா. இதில் பயன்படும் .22 தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம் எடை உள்ளது. அது நொடிக்கு 330 மீட்டருக்குச் சற்று முன்பின்னான வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய் வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும் குண்டு அந்த இடத்தில் தடுமாறும் என்பதால், போட்டித் தோட்டாவின் வேகத்தை ஒலிக்குக் கீழேயே வைக்கிறார்கள். 50 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 0.16 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். சைட் அந்த வீழ்ச்சியை ஈடுகட்டுகிறது. ஆனால் ஒரு தோட்டா மற்றதைவிட நொடிக்கு 5 மீட்டர் மெதுவாகச் சென்றால், அது சுமார் 4 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே விழும். இறுதிச் சுற்றுக் கணக்கில் அது அரைப் புள்ளி. சுடுபவர் ஒரு தவறும் செய்யாமலே அதை இழக்கிறார்.

இந்த வேறுபாட்டைத் தொழிற்சாலையில் முழுமையாக ஒழிக்க முடிவதில்லை. .22 தோட்டாவில் பற்றவைக்கும் ரசாயனம் பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் படிகிறது. அது எவ்வளவு சீராகப் படிந்தது, வெடிமருந்து எவ்வளவு, ஈயத்தின் மேல் பூசிய மெழுகு எப்படி என்பவை எல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு சிறிது மாறும். எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு லாட் எண் அச்சிடப்படுகிறது. ஒரே நிறுவனத்தின், ஒரே விலையுள்ள இரண்டு லாட்களில் ஒன்று ஒரு ரைபிளில் குண்டுகளை நெருக்கமாக விழச் செய்யும். அடுத்த ரைபிளில் அதே லாட்டின் குண்டுகள் பரவலாக விழும். குழலின் உள்ளளவும் அதன் அதிர்வும் இதற்குக் காரணம் என்றாலும், எந்த லாட் எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்று அளந்து முன்கூட்டியே சொல்ல வழியில்லை. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதற்காகவே இங்கிலாந்தின் பர்மிங்காமில் எலி (Eley) என்ற தோட்டா நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவா (Lapua) என்ற தோட்டா நிறுவனமும் சோதனைத் தளங்கள் வைத்திருக்கின்றன. சுடுபவர் தன் ரைபிளை அங்கே கொண்டுபோகிறார். அசையாத இரும்புப் பிடியில் அதைப் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டு, மின்னணு இலக்கில் அளக்கிறார்கள். மனிதக் கை இல்லாததால், தெரியும் பரவல் முழுவதும் குழலுக்கும் தோட்டாவுக்கும் உரியது. பொருந்திய லாட்டின் தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்.

உள்ளூர்ச் சுடுதளத்தில் சோதிப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லாட் மாற்றியதும் பழைய மெழுகின் படிவு குழலில் இருக்கும். முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐந்து குண்டுகள் நெருக்கமாக விழுந்ததைப் பார்த்து மகிழ்ந்துவிடுவதும் தவறு; அது அதிர்ஷ்டமாகவே இருக்கலாம். பத்துப் பத்தாகப் பல கூட்டங்களைச் சுட்டு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். குழலைக் கட்டையோடு பிணைக்கும் திருகின் இறுக்கத்தையும் லாட்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று புரியாது. சுடுதளத்தில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நடப்படும் காற்றுக் கொடிகள் அலையாத நேரமே சோதனைக்கு ஏற்றது. நம் ஊரில் அது பெரும்பாலும் அதிகாலை. தோட்டாப் பெட்டி வெயிலில் சூடேறினால் வேகம் மாறும் என்பதால் நிழலில் வைக்க வேண்டும்.

10 மீட்டர் ஏர் ரைபிளிலும் இதே சோதனை உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்ற பிரிவு அது. அங்கே பத்துக்குரிய புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர்தான். அதனால் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் எனத் தலை அளவு பிரித்து விற்கப்படும் ஈயக் குண்டுகளைத் தனித்தனியே சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தியாவில் .22 ரைபிளுக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பயிற்சி பெறச் சரியான இடம் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப். விலை உயர்ந்த புதிய ரைபிளுக்குப் பணம் சேர்ப்பவர்கள், அதில் ஒரு பங்கை இருக்கும் ரைபிளின் தோட்டாச் சோதனைக்கு முதலில் செலவழித்துப் பார்க்கலாம். பலருக்குப் புதிய ரைபிள் தேவைப்படாது.