கண்டற் செடிகளை இனம் பிரித்தறிதல்

தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் கழிமுகக் காடு ஒரே பச்சைத் திரையாகத் தோன்றும். சேற்றினின்று எழும் வேர்களும், தடித்துப் பளபளக்கும் இலைகளும் எல்லாச் செடிகளுக்கும் பொதுவானவைபோலக் காணப்படும். ஆயினும் அத்திரைக்குள் பல குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் புதர்களும் அடங்கியுள்ளன. ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று இனங்கள் அடுத்தடுத்து வளர்வதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது தாவர நூல் வல்லார்க்கு மட்டும் உரிய வேலையன்று. கரையோரத்தில் கன்று நடுவோர்க்கும் அது இன்றியமையாததாகும்.

2023ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கையின்படி நம் நாட்டுக் கண்டற் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு பிப்ரவரியில் டில்லியில் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், கடற்கரையோரங்களிலும் உப்பள நிலங்களிலும் கண்டல்களை வளர்ப்பதற்கான ‘மிஷ்டி’ என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தாண்டுகளில் இப்பணியைச் செய்வது அதன் நோக்கம். இத்தகைய முயற்சியில், எவ்விடத்தில் எவ்வினத்தை நடுவது என்னும் வினாவே முதலில் எழுகின்றது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், கடலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள பிச்சாவரம் இதனை விளக்குதற்கு ஏற்ற இடமாகும். அங்குக் காணப்படும் இரண்டு பேரினங்களை எடுத்துக்கொள்வோம்.

வேர் காட்டும் பேரினம்

சேற்றின் மேல் எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போலச் சுவாச வேர்கள் நிமிர்ந்து நின்றால், அச்செடி பெரும்பாலும் அவிசென்னியாப் பேரினத்தைச் சேர்ந்தது. இப்னு சீனா என்னும் பழம்பெரும் மருத்துவ அறிஞரின் பெயரால் அமைந்தது இப்பேரினம். தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும் முட்டு வேர்கள் இருப்பின், அது ரைசோபோரா. இதனையே மக்கள் சுரபுன்னை என்பர். ஆனால் வேர்கள் பேரினத்தைக் காட்டுமேயன்றி இனத்தைக் காட்டா. இனத்தை அறிய இலை, பூ, காய் ஆகியவற்றை நோக்கவேண்டும்.

அவிசென்னியா மெரினாவின் இலை நுனி பெரும்பாலும் கூரியது; அடிப்பக்கம் வெண்சாம்பல் நிறமானது. பூ சிறியது, அரைச் சென்டிமீட்டர் அளவினது. அவிசென்னியா அஃபிசினாலிஸின் இலை நுனி உருண்டு மழுங்கியிருக்கும். அதன் மஞ்சட்பூ ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட அகலமுடையது. சுந்தரவனம் போன்ற வடபகுதிக் காடுகளில் வளரும் அவிசென்னியா ஆல்பாவோ குறுகிய இலைகளும், மிளகாய்போல் நீண்டு கூர்ந்த காய்களும் கொண்டது.

பெயரால் நேரும் மயக்கம்

சுரபுன்னையின் இரண்டு இனங்களான ரைசோபோரா அபிகுலாட்டா, ரைசோபோரா முக்ரோனாட்டா ஆகியவற்றின் பெயர்களே மயக்கம் தரத்தக்கவை. இரண்டும் ‘சிறு முனையுடையது’ என்னும் பொருள்பட அமைந்தவை. எனவே இலை நுனியின் முள்போன்ற முனையைக் கண்ட அளவில் இன்ன இனமெனத் துணிதல் தவறாகும்.

பூக்களோ ஐயத்துக்கு இடம் தருவதில்லை. அபிகுலாட்டாவில் குட்டையான தடித்த காம்பின் மீது இரண்டு பூக்கள் காம்பின்றி ஒட்டியிருக்கும். இக்கொத்து, உதிர்ந்த இலைகளின் தழும்புகளுக்கு மேலே தோன்றும். இதழ்களில் மயிர் இராது. கேசரங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு. முக்ரோனாட்டாவின் பூக்கொத்து, உதிராத இலைகளின் கக்கத்திலிருந்து நீண்ட மெல்லிய காம்பில் தொங்கும். இரண்டுக்கு மேற்பட்ட பூக்களும் அதில் இருக்கும். இதழ் விளிம்பில் மயிர் உண்டு. கேசரங்கள் எட்டு. இலையும் அகன்று பெரியது. இவ்விரு இனங்களிலும் விதை தாய்மரத்திலேயே முளைத்துக் கோல்போல் தொங்கும். முக்ரோனாட்டாவின் முளை பெரும்பாலும் நீளம் மிகுந்தது.

இடைப்பட்ட மரம்

பிச்சாவரத்தில் இவ்விரண்டிலும் முழுதும் பொருந்தாத சில மரங்கள் காணப்பட்டன. அவை முதலில் ரைசோபோரா லாமார்க்கி எனக் கருதப்பட்டன. லாமார்க்கி என்பது அபிகுலாட்டாவும் ஸ்டைலோசாவும் கலந்து தோன்றிய கலப்பினம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசன் 1995இல் இம்மரங்களை வேறென விவரித்து, ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பெயரிட்டார். 1997இல் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் மரபணு ஆய்வு, அபிகுலாட்டாவும் முக்ரோனாட்டாவுமே இதன் பெற்றோர் எனக் காட்டியது.

இக்கலப்பினத்தில் பூக்கள் மிகுதியாக உதிர்கின்றன, காய்ப்பது அரிது. ஆகவே முளைகளைத் திரட்டி இதனைப் பெருக்க இயலாது. இதனை அபிகுலாட்டா என எண்ணி விட்டுவிடின், ஓர் அரிய மரம் அழிவதையும் நாம் அறியமாட்டோம்.

நடுவோர் கருதவேண்டுவது

அவிசென்னியா மெரினா மிகுந்த உப்பையும் தாங்க வல்லது. கச்சு வளைகுடாப் போன்ற வறண்ட கரைகளில் அது குட்டைப் புதராகக் குறுகியேனும் வாழ்கின்றது. சுரபுன்னை, அலையேற்றத்தால் நாள்தோறும் நனையும் ஓடைக் கரைகளை விரும்புவது. பிச்சாவரத்தில் முன்னாளில் முற்றாக வெட்டப்பட்ட இடங்கள் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்தன. அங்கே கால்வாய்கள் வெட்டி அலைநீர் வந்து செல்ல வழி செய்த பின்னரே கன்றுகள் பிழைத்தன. ஓடைக் கரைக்கு உரியதனை உப்புத் திடலில் நட்டால் உழைப்பும் பொருளும் வீணாகும்.

உப்பின் அளவுக்கேற்ப இலையின் அளவு வேறுபடுமாதலின், ஒரே அடையாளத்தை நம்புதல் கூடாது. இலை, பூ, காய் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி முடிவு செய்வதே முறை. பூவில்லாக் காலத்தில் ஐயம் தோன்றின், அம்மரத்துக்கு அடையாளமிட்டுப் பூக்கும்வரை காத்திருப்பது நலம்.